ஜி. டி. நாயுடு

ஜி. டி. நாயுடு என்று பரவலாக அறியப்படும் கோபால்சாமி துரைசாமி நாயுடு (மார்ச் 23, 1893 - ஜனவரி 4, 1974) தமிழ்நாட்டைச் சேர்ந்த கண்டுபிடிப்பாளர், தொழிலதிபர், தொழிற்கல்வி ஆர்வலர் ஆவார். தொடக்கக் கல்வியைக் கூட ஒழுங்காக முடிக்காத இவர், ஒரு பழைய மோட்டார் சைக்கிளைப் பிரித்துக் கோத்ததன் மூலம் இயந்திரங்களின் இயல்பை அறிந்துகொண்டார். பின்னாளில் பேருந்துத் தொழில், மின்மோட்டார் உற்பத்தி, வானொலிப் பெட்டி, சவரக் கருவி, சிறிய கார் எனப் பல துறைகளில் முயன்றார். கோயம்புத்தூர் ஒரு பொறியியல் நகரமாக வளர்ந்ததற்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார்.

இளமைக்காலம்

கோயம்புத்தூருக்கு அருகே, சூலூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் ஒரு வேளாண் குடும்பத்தில் பிறந்தார். இளம் வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் இவருக்குப் பிடிக்கவில்லை. ஆசிரியர் மீது மண்ணை வாரி வீசிவிட்டு ஓடிய கதை இவரைப் பற்றி எழுதுவோர் அனைவரும் தவறாமல் சொல்லும் ஒன்று. ஆயினும் தாமாகவே நூல்களைப் படிக்கும் பழக்கம் இவரிடம் இருந்தது. படிப்பின் மீது வெறுப்பு இருந்ததாகச் சொல்வதை விட, உட்கார்ந்து மனனம் செய்யும் முறையின் மீது வெறுப்பு இருந்தது என்பதே பொருந்தும். இந்த வெறுப்பு இவரை வாழ்நாள் முழுவதும் விட்டு நீங்கவில்லை. ஐம்பது வயதில் ஒரு பொறியியல் கல்லூரியின் முதல்வராக அமர்ந்த போதும் அது உடன் இருந்தது.

ரட்ஜ் மோட்டார் சைக்கிள்

நாயுடுவின் வாழ்க்கையைத் திருப்பியது ஒரு மோட்டார் சைக்கிள். வருவாய்த் துறையைச் சேர்ந்த ஆங்கிலேய அலுவலர் ஒருவர் அதில் கலங்கல் பக்கம் வந்தார். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் தானே ஓடும் வண்டியை இவர் அப்போதுதான் முதன்முறையாகக் கண்டார். வழியில் அந்த வண்டி நின்றுவிட்டதாகவும், அலுவலர் கேட்டபடி மண்ணெண்ணெயும் துணியும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவர் பழுது பார்ப்பதை அருகிலிருந்து நாயுடு கவனித்ததாகவும் கூறப்படுகிறது. அக்கால எஞ்சின்களில் தீப்பொறிச் செருகி கரி பிடித்தோ கார்புரேட்டரின் நுண்துளை அடைத்தோ வண்டி நிற்பது அன்றாட நிகழ்ச்சி. அவற்றைக் கழுவித் துடைக்க மண்ணெண்ணெயும் துணியுமே தேவை என்பதால் இக்கதை நம்பத்தகுந்ததாகவே உள்ளது.

அதே போன்ற வண்டி ஒன்றைத் தாமும் வாங்க வேண்டும் என்று விரும்பிய நாயுடு, கோயம்புத்தூர் நகருக்குச் சென்று ஓர் உணவு விடுதியில் பரிமாறுபவராக வேலைக்குச் சேர்ந்தார். சில ஆண்டுகள் உழைத்துப் பணம் சேர்த்தார். அத்தொகை 300 ரூபாய் என்றும் 400 ரூபாய் என்றும் இருவகையாகக் குறிப்பிடப்படுகிறது. அன்றைய நிலையில் இரண்டுமே ஒரு பரிமாறுபவருக்கு மிகப்பெரும் தொகைகள். அந்தப் பணத்தைக் கொண்டு ஆங்கிலேய அலுவலரிடமிருந்தே வண்டியை வாங்கினார்.

அவ்வண்டி இங்கிலாந்தின் கவெண்ட்ரி நகரில் இருந்த ரட்ஜ் விட்வொர்த் நிறுவனத்தின் தயாரிப்பு. மிதிவண்டிகளுக்குப் பெயர் பெற்ற அந்நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள்கள் 1911 ஆம் ஆண்டில்தான் விற்பனைக்கு வரத் தொடங்கின. எனவே நாயுடு பதினாறு வயதில் ரட்ஜ் வண்டியைக் கண்டார் என்று சில இடங்களில் காணப்படும் செய்தி ஆண்டுக் கணக்குடன் ஒத்துவரவில்லை. பதினெட்டு வயதுக்குப் பின்னரே இது நிகழ்ந்திருக்க இயலும். 1914 ஆம் ஆண்டு மேன் தீவில் நடந்த புகழ்பெற்ற பந்தயத்தின் உயர் பிரிவில் சிரில் புல்லின் என்பவர் ரட்ஜ் வண்டியில்தான் வென்றார். நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள் உற்பத்தி 1939 உடன் நின்று போனது.

வண்டியை வாங்கியதும் நாயுடு செய்த முதல் வேலை அதில் ஊர் சுற்றுவது அன்று. முழுவதையும் கழற்றிப் போட்டார். பின் ஒவ்வொரு பாகமாக மீண்டும் பொருத்தினார். கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. கோயம்புத்தூர் வட்டாரத்தில் அன்று மோட்டார் பழுது பார்க்கும் பட்டறை என்று சொல்லத்தக்கதும் அரிது.

அக்கால எஞ்சினும் கார்புரேட்டரும்

நாயுடு கற்றுக்கொண்டது எத்தகைய கல்வி என்பதை உணர, அன்றைய மோட்டார் சைக்கிள் எவ்வாறு இயங்கியது என்பதை அறிவது பயன் தரும். ரட்ஜின் தொடக்ககால எஞ்சின் 499 கன செ.மீ. கொள்ளளவு கொண்ட ஒற்றை உருளை எஞ்சின். உருளையின் விட்டம் 85 மி.மீ., உந்துதண்டின் வீச்சு 88 மி.மீ. உள்வழி வால்வு உருளையின் தலையிலும் வெளிவழி வால்வு பக்கவாட்டிலும் அமைந்திருந்தன. ஆற்றல் பின்சக்கரத்துக்குச் சங்கிலியால் அல்லாமல் வாரினால் கடத்தப்பட்டது. மசகெண்ணெய் தானாகச் சுற்றி வராது. ஓட்டுபவரே சில மைல்களுக்கு ஒருமுறை கைப்பம்பை அழுத்தி எண்ணெயைச் செலுத்த வேண்டும். மறந்தால் எஞ்சின் இறுகிவிடும். அளவு மீறினால் புகை கக்கும்.

இவற்றுள் மிகவும் பொறுமையைச் சோதிப்பது கார்புரேட்டர். பெட்ரோலைக் காற்றுடன் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது இதன் பணி. எடைக் கணக்கில் ஏறத்தாழ பதினைந்து பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற அளவில் கலவை இருந்தால் எரிதல் சீராக நடைபெறும். பிற்காலக் கார்புரேட்டர்கள் இவ்விகிதத்தைப் பெரும்பாலும் தாமே காத்துக்கொண்டன. ஆனால் 1910களின் கார்புரேட்டர்களில் காற்றுக்கு ஒன்று, கலவையின் அளவுக்கு ஒன்று என இரண்டு நெம்புகோல்கள் கைப்பிடியில் இருந்தன. வேகம், ஏற்றம், வெயில் ஆகியவை மாறும் போதெல்லாம் ஓட்டுபவர் இரண்டையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வேறு சொற்களில் கூறுவதானால், ஓட்டுபவரின் காதும் கையும் கார்புரேட்டரின் பாகங்களாகவே இருந்தன.

அதன் அமைப்பு எளியது. பக்கத்தில் ஒரு சிறு கிண்ணம். அதனுள் மிதவையும் அதனுடன் இணைந்த ஊசியும் இருக்கும். பெட்ரோல் குறிப்பிட்ட மட்டத்துக்கு உயர்ந்ததும் மிதவை மேலெழுந்து ஊசியால் வழியை அடைத்துவிடும். கிண்ணத்திலிருந்து ஜெட் எனப்படும் நுண்துளை வழியாகப் பெட்ரோல் காற்றோட்டத்தில் பீய்ச்சப்படும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும் முன் கிண்ணத்தின் மேலுள்ள ஒரு சிறு குமிழை அழுத்தி மிதவையைத் தாழ்த்துவர். பெட்ரோல் வழியுமளவுக்கு நிரம்பி, முதல் சில சுற்றுகளுக்கு வேண்டிய செறிவான கலவை கிடைக்கும்.

கலவை பிழைபட்டால் எஞ்சின் அதை வெளிப்படையாகவே தெரிவிக்கும். பெட்ரோல் மிகுந்தால் கரும்புகை வரும், தீப்பொறிச் செருகியில் கரி படியும், ஓசை மந்தமாகி வண்டி இழுக்காது. காற்று மிகுந்தால் எஞ்சின் கொதிக்கும், கார்புரேட்டர் வழியாகவே திருப்பி இருமும், வேகம் கூட்டும் போது தடுமாறி நிற்கும். இவ்வகைக் கார்புரேட்டரைச் சரிசெய்யும் முறை இன்றும் மாறவில்லை. முதலில் கிண்ணத்தையும் ஜெட்டையும் கழுவித் தூய்மை செய்ய வேண்டும். ஜெட்டைக் கம்பியால் குத்தக் கூடாது. மயிரிழை அளவு துளை பெருத்தாலும் கலவை நிலையாகக் கெட்டுவிடும். அடுத்து மிதவையில் பெட்ரோல் புகுந்து அது கனத்துவிட்டதா, ஊசி சரியாக உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டுச் சூடேற்றிய பின்னரே நெம்புகோல்களைத் தொட வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் செய்த சரிப்படுத்தல் பத்து நிமிடத்தில் பயனற்றுப் போகும். கலவையின் நெம்புகோலை ஓரிடத்தில் நிறுத்திக் காற்றைச் சிறிது சிறிதாகத் திறந்துகொண்டே சென்றால் எஞ்சினின் ஓட்டம் கூடிக்கொண்டே வந்து ஓரிடத்தில் தடுமாறத் தொடங்கும். அதற்குச் சற்று முன்னுள்ள இடமே உரிய இடம்.

கோயம்புத்தூர் வட்டாரத்தில் இதற்கு மற்றொரு சிக்கலும் உண்டு. நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் இருக்க, மலைப்பாதையில் ஏறிச் சென்றடையும் உதகமண்டலம் 2,200 மீட்டருக்கு மேல் உள்ளது. மேலே செல்லச் செல்லக் காற்று அடர்த்தி குறைவதால், அடிவாரத்தில் சரியாக இருந்த கலவை மலையில் செறிவு மிகுந்ததாகிவிடும். ஒரே வண்டி கீழே ஒருவிதமாகவும் மேலே வேறுவிதமாகவும் நடந்துகொள்வதன் காரணம் இதுவே. இதனை எந்த வகுப்பறையிலும் படிக்காத ஒரு மெக்கானிக் அனுபவத்தால் அறிவார். சென்னையை அடுத்த திருவொற்றியூரில் என்பீல்டு வண்டிகள் தயாரிக்கப்பட்டு ஊரெங்கும் ஓடிய காலத்தில், காற்றுத் திருகைக் கால் சுற்று திருப்பிவிட்டுத் தலையைச் சாய்த்து ஓசையைக் கேட்கும் மெக்கானிக்குகள் தமிழ்நாட்டில் எல்லா ஊர்களிலும் இருந்தனர். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகளுக்குப் பின் இந்தியாவில் விற்கப்படும் புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டர் அநேகமாக மறைந்துவிட்டது. பழைய வண்டிகளை வைத்திருப்போருக்கு மட்டும் இக்கலை இன்னும் தேவைப்படுகிறது.

நாயுடு தம் ரட்ஜ் வண்டியைப் பழுது பார்த்து ஓட்டியதன் மூலம் மெக்கானிக் ஆனார். ஒரு கோளாற்றை அதன் அடையாளத்திலிருந்து காரணம் வரை பின்தொடர்ந்து செல்லும் பழக்கம் இவரது பிற்கால முயற்சிகள் அனைத்திலும் காணப்படுகிறது.

பேருந்துத் தொழில்

மோட்டார் சைக்கிளுக்கும் பேருந்துக்கும் இடையில் சில ஆண்டுகள் பருத்தி வணிகத்தில் ஈடுபட்டார். திருப்பூரில் பொருள் ஈட்டினார். பம்பாய் சென்று அதே பருத்தி வணிகத்தில் ஈட்டியதை இழந்து திரும்பினார்.

கோயம்புத்தூரில் ஆலைகளும் காப்பித் தொழிலும் நடத்திவந்த சர் இராபர்ட் ஸ்டேன்ஸ் இவரது திறமையை அறிந்து, பேருந்து வாங்கக் கடனுதவி செய்தார். 1920 ஆம் ஆண்டு ஒரே ஒரு பேருந்துடன் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே சேவையைத் தொடங்கினார். தாமே ஓட்டினார், தாமே பழுது பார்த்தார். பழனிக்குச் செல்லும் அடியார் கூட்டம் ஆண்டு முழுவதும் குறையாத வழித்தடம் அது. இத்தேர்வு இவரது வணிக அறிவைக் காட்டுகிறது.

சில ஆண்டுகளில் இவரது யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் (யூ. எம். எஸ்.) நாட்டின் மிகச் சிறந்த பேருந்து நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது. 1930களின் தொடக்கத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடின. குறித்த நேரத்தில் புறப்பட்டுக் குறித்த நேரத்தில் சேர்வது இந்நிறுவனத்தின் அடையாளமாக இருந்தது. பயணச் சீட்டு வழங்கும் இயந்திரம், எஞ்சினின் அதிர்வைச் சோதிக்கும் கருவி ஆகியவற்றை இத்தொழிலின் தேவைக்காகவே நாயுடு உருவாக்கினார். இரண்டாவதன் பயன் வெளிப்படை. ஒற்றை மோட்டார் சைக்கிளின் ஓசையை ஒருவர் காதால் கேட்டுச் சொல்லிவிடலாம். நூற்றுக்கணக்கான பேருந்துகளுக்கு அது ஆகாது. கேட்டறிந்ததை அளந்தறியும்படி செய்ய ஒரு கருவி வேண்டும்.

கண்டுபிடிப்புகளும் தொழில்களும்

1937 ஆம் ஆண்டு பீளமேட்டில் நாயுடு தொடங்கிய நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் நிறுவனத்திலிருந்து இந்தியாவில் தயாரிக்கப்பட்ட முதல் மின்மோட்டார் வெளிவந்தது. இம்முயற்சியில் இவருடன் தோ. பாலசுந்தரம் நாயுடு இணைந்து பணியாற்றினார். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பு, 1932 இல், பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியிருந்தது. மின்சாரம் வந்துவிட்டது, அதைக் கொண்டு கிணற்று நீரை இறைக்க உள்நாட்டு மோட்டார் வேண்டும் என்ற நிலை. கோயம்புத்தூர் இன்று பம்பு செட்டுகளுக்குப் பெயர் பெற்றிருப்பதன் தொடக்கம் இங்கேதான் உள்ளது. பாலசுந்தரம் பின்னர் டெக்ஸ்டூல் நிறுவனத்தை நிறுவினார்.

நாயுடுவின் பிற ஆக்கங்களில் மிகவும் புகழ் பெற்றது உலர் மின்கலத்தால் இயங்கும் ரசாந்த் சவரக் கருவி. இதற்கென அமைந்த சிறு மோட்டார் ஜெர்மனியில் தயாரிக்கப்பட்டது. மிக மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் இயங்கும் மின்விசிறி, முறைகேடு செய்ய இயலாத வாக்குப் பதிவு இயந்திரம் முதலியவையும் இவர் பெயரில் குறிப்பிடப்படுகின்றன. 1941 ஆம் ஆண்டு ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தர இயலும் என்று அறிவித்தார். 1952 ஆம் ஆண்டு இருவர் அமரத்தக்க சிறிய பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். இதன் விலை 2,000 ரூபாய். அரசின் உரிமம் கிடைக்காததால் அதன் உற்பத்தி நின்று போனது.

வேளாண்மையிலும் ஆராய்ச்சிகள் செய்தார். ஆளுயரத்தை மிஞ்சி வளர்ந்த பருத்திச் செடிகளும் பெரிய பப்பாளிகளும் இவரது தோட்டத்தைக் காண வந்தவர்களை வியக்க வைத்தன. சர் சி. வி. இராமன் இவரைப் பாராட்டியவர்களுள் ஒருவர்.

ஒளிப்படக் கலையிலும் ஈடுபாடு உண்டு. 1936 ஜனவரியில் இலண்டனில் நடந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே படம் பிடித்தார். (சில நூல்கள் இதனை 1935 என்று தவறாகக் குறிக்கின்றன.) மாகாணத் தேர்தலில் தனி வேட்பாளராகப் போட்டியிட்டுத் தோல்வியடைந்தார்.

தொழிற்கல்வி

1944 ஆம் ஆண்டு மோட்டார் தொழிலிலிருந்து விலகிய நாயுடு, தம் செல்வத்தில் பெரும் பகுதியை ஆராய்ச்சிக்கும் நலப் பணிகளுக்கும் ஒதுக்கினார். கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பப் பள்ளியும் பொறியியல் கல்லூரியும் தோன்ற இவரது கொடை காரணமாயிற்று. அன்றைய சென்னை மாகாண ஆளுநரின் பெயர் இவற்றுக்குச் சூட்டப்பட்டது. 1945 இல் நாயுடுவே முதல்வராகப் பொறுப்பேற்றார்.

கைத்தொழில் கற்பிக்கும் பள்ளிகள் தமிழ்நாட்டுக்குப் புதியவை அல்ல. தூத்துக்குடிப் பகுதியிலுள்ள நாசரேத்தில் மர்காசிஸ் ஐயர் 1878 ஆம் ஆண்டிலேயே ஒரு கலைத் தொழிற்பள்ளியைத் தொடங்கியிருந்தார். ஆனால் அத்தகைய பள்ளிகள் ஏழைச் சிறுவர்களுக்குப் பிழைக்க வழி காட்டுபவையாகவும், பொறியியல் கல்லூரிகள் பட்டம் வழங்குபவையாகவும் தனித்தனியே இருந்தன. இந்தப் பிரிவினையைத்தான் நாயுடு ஏற்கவில்லை. பொறியியலாளர் ஆக விரும்புபவர் முதலில் இயந்திரத்தைக் கையால் தொட வேண்டும் என்பதும், அவ்வாறு தொட்டுப் படித்தால் நான்கு ஆண்டுகள் தேவையில்லை என்பதும் இவரது உறுதியான கருத்துகள். நான்கு ஆண்டுப் படிப்பைக் கால விரயம் என்று கருதிக் குறுகிய காலப் பாடத்திட்டத்தை முன்வைத்தார். அரசு அதை ஏற்கவில்லை. நாயுடு பதவியிலிருந்து விலகினார்.

இதில் யார் பக்கம் நியாயம் என்பது இன்றும் விவாதத்துக்குரியது. பாலமும் அணையும் கட்டுவதற்கு வேண்டிய கணிதத்தைச் சில மாதங்களில் கற்பிக்க இயலாது என்ற எதிர்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. அதே வேளையில், எஞ்சினைப் பற்றித் தேர்வில் எழுதிப் பட்டம் பெற்ற ஒருவர் நின்றுபோன வண்டியின் அருகே செய்வதறியாது நிற்பதைக் கண்டவர்கள் நாயுடுவின் சினத்தைப் புரிந்துகொள்வர். அக்கல்லூரி பின்னர் வேறிடத்துக்கு மாறி, அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக இயங்கி வருகிறது. பழைய இடத்தைக் கோயம்புத்தூர் மக்கள் இன்றளவும் ஹோப் காலேஜ் என்றே அழைக்கின்றனர். நாயுடு தம் வழியில் மோட்டார், வானொலி ஆகியவற்றில் குறுகிய காலப் பயிற்சிகளைத் தொடர்ந்து நடத்தினார்.

அரசுடன் முரண்பாடு

உரிமக் கட்டுப்பாடுகளும் வரிவிதிப்பும் புதியன செய்வோரை முடக்குகின்றன என்பது நாயுடுவின் நீண்டகாலக் குறை. இதற்கு எதிர்ப்புத் தெரிவிக்கும் வகையில், தாம் உருவாக்கிய பொருட்களைப் பொதுமக்கள் முன்னிலையில் தாமே உடைத்து அழித்தார். இவரது நண்பரான பெரியார் ஈ. வெ. இராமசாமி இச்செயலை ஏற்கவில்லை. வாழ்நாள் முழுதும் பாகங்களைக் கோத்தே பழகிய ஒருவர் இம்முடிவுக்கு வந்தது இவரது வாழ்க்கையின் துயரமான பகுதி. சிறிய காரும் மலிவு வானொலியும் பெருமளவில் உற்பத்தியாகியிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கக் கூடும். ஆனால் இவர் தம் ஆக்கங்களை முறையாக வணிகப்படுத்துவதிலும் உரிமங்களைக் காத்துக்கொள்வதிலும் போதிய பொறுமை காட்டவில்லை என்பதையும் கூற வேண்டும்.

மறைவும் நினைவுகளும்

நாயுடு 1974 ஆம் ஆண்டு ஜனவரி 4 அன்று காலமானார். 1967 இல் இவர் அமைத்த தொழிற் கண்காட்சி, கோயம்புத்தூர் அவினாசி சாலையிலுள்ள கோபால் பாக் வளாகத்தில் உள்ளது. இவரது ஆக்கங்களும், உலக நாடுகளிலிருந்து இவர் திரட்டிய கருவிகளும் அங்கு வைக்கப்பட்டுள்ளன. 2015 ஆம் ஆண்டு அதே சாலையில் பழைய கார்களுக்கான ஜீடி கார் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அவினாசி சாலையில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கி.மீ. நீளத்துக்குக் கட்டப்பட்டு, 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட மேம்பாலத்துக்கு ஜி. டி. நாயுடு மேம்பாலம் என்று பெயரிடப்பட்டது. பீளமேட்டையும் ஹோப் காலேஜையும் கடந்து அது செல்கிறது.